சிலிண்டருக்கு ஆர்.சி. புக் எங்கே இருக்கு?

மங்கலம்பேட்டையிலிருந்து பேசுறேன். சென்னையிலிருந்து திருச்சிக்கு ராத்திரி பஸ்ஸுல போனவங்களுக்கு உளுந்தூர்பேட்டை தெரிஞ்சிருக்கும், டோல்கேட்டுல முழிப்பு வந்திருக்கும். அங்கேர்ந்து விருத்தாசலம் ரோட்டுல திரும்பினா எங்க ஊர். இங்க நான் வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். டிராக்டர் ட்ரெய்லர், சேத்து வயல்ல ஓட்டுற கேஜ் வீல், கிரில் கேட்டு, மோட்டார் கொட்டகைக் கதவு, இதெல்லாம்தான் நம்ம வேலை.

இந்த நிகழ்ச்சியைக் கேட்கிறவங்க பெரும்பாலும் நகரத்துப் பிள்ளைங்கன்னு சொன்னாங்க. உங்களுக்கு எதுக்கு கேஸ் சிலிண்டர் கதைன்னு முதல்ல யோசிச்சேன். அப்புறம் எனக்கு வர்ற போன்களை நினைச்சுப் பார்த்தேன். இரும்புல சிற்பம் செய்யற ஒரு பொண்ணு. ஐ.டி. வேலையை விட்டுட்டு மொட்டை மாடியில மேசை நாற்காலி செய்து விக்கிற ஒரு தம்பி. பழைய சிலிண்டரை அறுத்து பார்பிக்யூ அடுப்பு செய்யலாமான்னு கேட்ட ஒருத்தர். ஊருக்கே திரும்பி வந்து பட்டறை போடலாம்னு நினைக்கிற பசங்க. இவங்க எல்லாரும் கேட்கிறது ஒரே கேள்வி. "அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல செட்டா வருது, வாங்கலாமா?"

செட்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கருப்பு கலர்ல ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணு, மெரூன் கலர்ல டிஏ சிலிண்டர் ஒண்ணு, ரெண்டு ரெகுலேட்டர், சிவப்பும் நீலமுமா ரெண்டு ஹோஸ், ஒரு கட்டிங் டார்ச், எல்லாத்தையும் நிறுத்தி வைக்க ஒரு தள்ளுவண்டி. டிஏ-ன்னா அசெட்டிலீன். அதை ஏன் டிஏன்னு சொல்றோம்ங்கிறது பெரிய கதை, பின்னாடி வர்றேன். ஆன்லைன் விளம்பரத்துல இந்த செட்டு பளபளன்னு புது பெயின்ட்டோட நிக்கும். புதுசா தொழில் தொடங்குறவனுக்கு அந்த விலை ரொம்ப ஆசை காட்டும்.

நீங்க செகண்ட் ஹேண்ட்ல பைக் வாங்கியிருப்பீங்க. என்ன பண்ணுவீங்க? ஆர்.சி. புக் பார்ப்பீங்க, இன்சூரன்ஸ் பார்ப்பீங்க, சேசிஸ் நம்பரைத் தேய்ச்சுப் பார்ப்பீங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பீங்க. சிலிண்டரை ஓட்டிப் பார்க்க முடியாது. ஆனா ஆர்.சி. புக் இருக்கு. சிலிண்டரோட தோள்பட்டையில, அதாவது வால்வுக்குக் கீழே வளைஞ்சு இறங்குதே அந்த இடத்துல, இரும்புலயே குத்தி வச்சிருப்பாங்க. தயாரிச்ச கம்பெனியோட அடையாளம், வரிசை எண், சொந்தக்காரர் பேர், என்ன வாயு, காலி எடை எவ்வளவு, எத்தனை லிட்டர் கொள்ளும், எவ்வளவு அழுத்தத்துல சோதிச்சாங்க, எந்தத் தேதியில சோதிச்சாங்க. இவ்வளவும் அங்க இருக்கணும். பெயின்ட்டு மேல எழுதினது எதுவும் கணக்குல சேராது. இரும்புல குத்தினதுதான் கணக்கு.

அதனால விளம்பரத்துல இருக்கிற போட்டோவை எனக்கு அனுப்பாதீங்க. தோள்பட்டையைப் பக்கத்துல போய் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பாதிப் பேர் அதோட பதிலே போட மாட்டாங்க.

ஏன் போட மாட்டாங்க? அங்க அவங்க பேர் இருக்காது. இதை நகரத்துல நிறையப் பேர் கவனிக்கிறதே இல்லை. நம்ம ஊர்ப் பட்டறைகள்ல நிக்கிற ஆக்சிஜன் சிலிண்டர்ல பெரும்பாலானது பட்டறைக்காரனோடது கிடையாது. கேஸ் நிரப்பித் தர்ற கம்பெனியோடது. நாம டெபாசிட் கட்டி வாடகைக்கு எடுக்கிறோம், காலி ஆனா குடுத்துட்டு நிரம்பினதை வாங்கிக்கிறோம். வீட்டு கேஸ் மாதிரிதான். பட்டறை மூடிப்போன பிறகு, அப்பா இறந்துபோன பிறகு, மூலையில நிக்கிறதைப் பிள்ளைங்க நம்மளோடதுன்னு நினைச்சு இரும்புக்கடைக்குத் தள்ளிடுறாங்க. கெட்ட எண்ணம்னு சொல்ல முடியாது. தெரியாது, அவ்வளவுதான். ஆனா நீங்க அதை வாங்கினா அடுத்தவன் பொருளை வாங்குறீங்க. நிரப்பக் கொண்டு போனா தோள்பட்டையில வேற பேரைப் பார்த்துட்டு ஒழுங்கான கம்பெனி நிரப்ப மாட்டான். நிரப்புறவன் ஒருத்தன் கிடைச்சா அவன் எதையும் பார்க்காம நிரப்புறவன். அவன்கிட்டதான் முதல்ல பயப்படணும்.

தோள்பட்டை எவ்வளவு தூரம் பேசும்னு ஒரு உதாரணம். ஐ.ஓ.எல்.-னு குத்தின பழைய சிலிண்டர்களைப் பார்த்திருக்கேன். இந்தியன் ஆக்சிஜன் லிமிடெட். 1935-ல கல்கத்தாவுல ஆரம்பிச்ச கம்பெனி. பின்னாடி பிஓசி இந்தியா ஆச்சு, 2013-லிருந்து லிண்டே இந்தியா. கம்பெனி பேர் மாத்தியாச்சு, இரும்பு அப்படியே இருக்கு. நல்லாப் பார்த்துக்கிட்டா இந்த இரும்பு ஒரு மனுஷனோட தொழில் ஆயுசையே தாண்டும். அதனால பழசுங்கிறதுக்காக நான் எந்த ஆக்சிஜன் சிலிண்டரையும் ஒதுக்க மாட்டேன். யார் கையில, எப்படி இருந்துச்சுங்கிறதுதான் எனக்குத் தெரியணும்.

இப்ப கொஞ்சம் எண்ணிக்கைக்குள்ள போவோம். பெரிய ஆக்சிஜன் சிலிண்டர்ல தண்ணி ஊத்தினா சுமார் 46 லிட்டர் பிடிக்கும். ரெண்டு குடிதண்ணீர் கேன் மாதிரி வச்சுக்கோங்க. அதுக்குள்ள 7 கன மீட்டர் ஆக்சிஜனைத் திணிச்சிருக்காங்க, அதாவது 7,000 லிட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. உங்க கார் டயர்ல இருக்கிறது ரெண்டு ரெண்டரைக் கிலோ. லாரி டயர் ஏழெட்டுக் கிலோ. அந்த லாரி டயர் வெடிச்சு ஆள் செத்ததைப் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. இது அதைப்போல இருபது மடங்கு. வால்வு மேல ஒரு மூடி இருக்கும், அதைக் கழட்டி எங்கயோ போட்டுட்டு, சிலிண்டரைப் பைக்ல குறுக்க வச்சு ஒருத்தன் கொண்டு போறதைப் பார்த்தா எனக்கு அடிவயிறு கலங்கும். கீழே விழுந்து வால்வு முறிஞ்சா அந்த அம்பது அறுபது கிலோ இரும்பு ராக்கெட்டுதான். சுவரை உடைச்சுக்கிட்டுப் போகும்.

இந்த அழுத்தத்தை இரும்பு தாங்குதான்னு அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை தண்ணி அழுத்தம் வச்சு சோதிக்கணும். ஹைட்ரோ டெஸ்ட்டுன்னு சொல்லுவோம். கேஸ் வச்சு சோதிக்காம ஏன் தண்ணி? தண்ணி சுருங்காது. சிலிண்டர் விரிஞ்சு கிழிஞ்சாலும் தண்ணி பீச்சிட்டு நின்னுடும், குண்டு மாதிரி வெடிக்காது. அதே நேரத்துல எடையும் பார்ப்பாங்க. முத்திரையில இருக்கிற காலி எடையை விட 5 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தா உள்ளே துரு தின்னிருக்குன்னு அர்த்தம், ஒதுக்கிடுவாங்க. இதை நீங்களே ஓரளவு செய்யலாம். நெல் மண்டியில இருக்கிற எடை மேடையில நிறுத்திப் பாருங்க. துரு எப்படி உள்ளே போச்சுன்னு கேட்டா, காலி ஆனதும் வால்வைத் திறந்தபடியே போட்டு வச்சிருப்பான் பழைய சொந்தக்காரன். வெளிக்காத்து உள்ளே போகும், அதோட ஈரம் போகும். ஐப்பசி கார்த்திகை மழையில எங்க மாவட்டம் எப்படி ஊறும்னு உங்களுக்குத் தெரியும். வெளியில பெயின்ட்டு மின்னும், உள்ளே பொருக்கு உதிரும். அதனாலதான் சிலிண்டரை முழுசாக் காலி பண்ணாம கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வச்சு வால்வை மூடணும்னு சொல்றது.

சோதனைத் தேதியைப் படிக்கிறது ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்லை. உங்க வீட்டு சமையல் கேஸ்லயே பழகலாம். மேல இருக்கிற வளையத்தைத் தாங்குற மூணு பட்டையில ஒண்ணுல, உள்பக்கம், ஏ, பி, சி, டி-ன்னு ஒரு எழுத்தும் ரெண்டு இலக்கமும் இருக்கும். பி-27-ன்னா 2027 ஜூன் வரைக்கும், அதுக்குள்ள அடுத்த சோதனை நடக்கணும். ஏ முதல் மூணு மாசம், பி அடுத்த மூணு, இப்படியே. இன்னைக்கே போய்ப் பாருங்க. பார்க்காதவங்கதான் அதிகம்.

கலர் விஷயம். தொழிலுக்கான ஆக்சிஜன் முழுக் கருப்பு. ஆஸ்பத்திரி ஆக்சிஜன்னா கருப்பு உடம்பு, தோள் வெள்ளை. அசெட்டிலீன் மெரூன். ஆர்கான் நீலம். நைட்ரஜன் சாம்பல் உடம்பு, கருப்புக் கழுத்து. இது நாடு முழுக்க ஒரே கணக்கு. ஆனா செகண்ட் ஹேண்ட்ல கலரை நம்பவே கூடாது. ஒரு டப்பா பெயின்ட்டு போதுமே. எரியிற வாயு சிலிண்டரோட மரை இடதுகைப் பக்கம் சுத்தும், ஆக்சிஜன் மரை வலதுகைப் பக்கம். மாத்தி மாட்டவே முடியாதபடிக்கு அப்படி வச்சிருக்காங்க. கருப்பு பெயின்ட்டு அடிச்ச சிலிண்டர்ல இடது மரை இருந்தா அங்கயிருந்து நடையைக் கட்டுங்க. மரையை மாத்தி அடாப்டர் போட்டுத் தர்றேன்னு யாராவது சொன்னா இன்னும் வேகமா நடையைக் கட்டுங்க.

இதுவரைக்கும் சொன்னது இரும்பு. உள்ளே என்ன போச்சுங்கிறதுதான் எனக்கு அதிகப் பயம்.

கட்டிங் வேலையில ஆக்சிஜனும் எரிவாயுவும் டார்ச்சுல வந்துதான் கலக்கணும். ஆக்சிஜன் தீர்ந்துபோற நேரத்துல அந்தப் பக்கம் அழுத்தம் குறையும், எரிவாயுப் பக்கம் அழுத்தம் இருக்கும். நாசில்ல அடைப்பு இருந்தா எரிவாயு ஆக்சிஜன் ஹோஸ் வழியாப் பின்னாடி போய் சிலிண்டருக்குள்ளயே புகுந்துடும். இதைத் தடுக்கத்தான் ஒருவழி வால்வும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டரும். நம்ம பட்டறைகள்ல பாதியில அது கிடையாது, நான் மறைக்க விரும்பல. அப்படி எரிவாயு புகுந்த ஆக்சிஜன் சிலிண்டர் வெளியிலிருந்து பார்த்தா சாதுவா நிக்கும். வித்தவனுக்கும் ஒண்ணும் ஆகாது, வாங்கினவனுக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கலாம். அது நிரப்புற இடத்துக்குப் போகும். அங்க 150 கிலோ அழுத்தத்துல சுத்த ஆக்சிஜன் உள்ளே பாயும். பக்கத்துல நிக்கிற பையனுக்கு அந்த சிலிண்டர் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாது. 2021 மே மாசம், கொரோனா உச்சத்துல இருந்தப்ப, லக்னோவுல ஆக்சிஜன் நிரப்புற இடத்துல சிலிண்டர் வெடிச்சு மூணு பேர் செத்துப்போனாங்க.

2022 அக்டோபர் 2, ஞாயித்துக்கிழமை. திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் தீபாவளிக்குத் துணி எடுக்கிற கூட்டம். ரோட்டோரம் பலூனுக்கு கேஸ் பிடிக்கிற சிலிண்டர் வெடிச்சது. ஒருத்தர் இறந்தார், இருபது பேருக்கு மேல காயம். அந்த சிசிடிவி காட்சி நிறைய சுத்துச்சு, நீங்களும் பார்த்திருக்கலாம். அந்தப் பக்கம் நடந்து போனவங்க யாரும் சிலிண்டர் வாங்கவும் இல்லை, விக்கவும் இல்லை. திருவிழாவுக்குத் திருவிழா பலூன்காரங்க கையில இருக்கிற சிலிண்டர் எங்கிருந்து வருது, கடைசியா எப்ப சோதிச்சாங்கன்னு யாரும் கேக்கறதில்லை. சில பேர் சிலிண்டருக்குள்ளயே ரசாயனம் போட்டு ஹைட்ரஜன் உண்டாக்குறாங்க. அந்த சிலிண்டர் மறுபடி இரும்புக்கடைக்கு வந்து, கருப்பு பெயின்ட்டு அடிச்சு, உங்க விளம்பரத்துல நிக்காதுன்னு யார் உத்தரவாதம் தர முடியும்?

எண்ணெய் விஷயம் ஒண்ணு சொல்லிடுறேன், ஏன்னா மெக்கானிக் கை தானா கிரீஸைத் தேடும். ஆக்சிஜன் வால்வு இறுகிப்போச்சுன்னா ஒரு சொட்டு எண்ணெய் விடலாம்னு தோணும். விடவே கூடாது. அவ்வளவு அழுத்தத்துல சுத்த ஆக்சிஜன் பட்டா எண்ணெய் தானே தீப்பிடிக்கும், நெருப்புக்குச்சி தேவையில்லை. அதனால பழைய ஆக்சிஜன் ரெகுலேட்டரை நான் வாங்கவே மாட்டேன். அதுக்குள்ள யார் என்ன விட்டாங்கன்னு தெரியாது. அதே மாதிரி சித்திரை வெயில்ல பசங்க ஆக்சிஜன் ஹோஸைச் சட்டைக்குள்ள விட்டுக் குளிர்ச்சி பண்ணிக்குவாங்க. துணி ஆக்சிஜனை ஊறிப் பிடிச்சுக்கும். அடுத்து ஒரு தீப்பொறி பட்டா அந்தச் சட்டை எரியற வேகம் நீங்க பார்த்த எந்தத் தீ மாதிரியும் இருக்காது. எங்க பட்டறையில இதுக்கு மட்டும் நான் கையை ஓங்குவேன்.

சரி, டிஏ கதைக்கு வருவோம். அசெட்டிலீன் ஒரு முசுட்டு வாயு. மத்த வாயுவை அழுத்தின மாதிரி இதை அழுத்த முடியாது. ஒரு கிலோ அழுத்தத்தைத் தாண்டினாலே காத்தே இல்லாம, நெருப்பே இல்லாம, தானா சிதைஞ்சு வெடிக்கக்கூடியது. அந்தக் காலத்துல கார்பைடு கல்லைத் தண்ணியில போட்டு அப்பப்ப உண்டாக்கிப் பயன்படுத்தினாங்க. நம்ம ஊர்ல மாம்பழம் பழுக்கவைக்கக் கள்ளத்தனமாப் போடுறாங்களே, அதே கல்லுதான். பிறகு கண்டுபிடிச்சது என்னன்னா, அசிட்டோன் இந்த வாயுவை நல்லாக் கரைச்சுக்கும். சாதாரண அழுத்தத்துலயே ஒரு லிட்டர் அசிட்டோன் 25 லிட்டர் அசெட்டிலீனைக் கரைச்சுக்கும். ஆனா அசிட்டோன் மட்டும் போதாது, வெற்றிடம் இருந்தா அங்க வாயு தேங்கும். அதனால சிலிண்டர் முழுக்க ஸ்பான்ஞ்சு மாதிரி நுண்துளை உள்ள ஒரு பொருளை அடைச்சு, அதுல அசிட்டோனை ஊறவச்சு, அதுல வாயுவைக் கரைக்கிறாங்க. கரைச்ச அசெட்டிலீன், அதோட இங்கிலீஷ் பேரோட முதல் எழுத்துகள்தான் டிஏ.

இந்த நுண்துளைப் பொருளைச் செம்மைப்படுத்தினவர் சுவீடன்காரர் குஸ்டாஃப் டாலென். கலங்கரை விளக்கத்துல ஆளில்லாம அசெட்டிலீன் விளக்கு எரியவைக்கிற கருவிகளுக்காக 1912-ல இயற்பியல் நோபல் பரிசு வாங்கினார். அதே 1912-ல, அசெட்டிலீனை வச்சு சோதனை செய்யும்போது வெடிச்சு ரெண்டு கண்ணும் போயிடுச்சு. பரிசு வாங்க அவர் போகல, அண்ணன் தம்பி உறவுல ஒருத்தர், கண் டாக்டர், அவர்தான் போய் வாங்கினார். பார்வை இல்லாமலேயே டாலென் அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷம் கம்பெனியை நடத்தினார். டிஏ சிலிண்டரைச் செம்மைப்படுத்தின ஆளையே அது விடல. நான் டிஏ பத்திப் பேசும்போதெல்லாம் பசங்களுக்கு இதைச் சொல்லுவேன்.

இப்ப செகண்ட் ஹேண்ட் கேள்வி. டிஏ சிலிண்டருக்குள்ள இருக்கிற அந்த ஸ்பான்ஞ்சு உடைஞ்சிருக்கா, கீழே அமுங்கி மேல இடைவெளி விழுந்திருக்கான்னு வெளியிலிருந்து பார்க்க முடியாது. பழைய ஆள் அதைப் படுக்கவச்சே பயன்படுத்தியிருப்பான், அசிட்டோன் வாயுவோட சேர்ந்து வெளியேறியிருக்கும். ஒருதடவை தீ பின்வாங்கி உள்ளே போயிருக்கும், அந்த இடத்துல ஸ்பான்ஞ்சு கருகியிருக்கும். எதுவும் தோள்பட்டையில எழுதியிருக்காது. ஆக்சிஜன் சிலிண்டரைப் பத்திக் கேட்டா, முத்திரை சரியா இருந்தா, சொந்தக்காரர் யார்னு ரசீதோட தெரிஞ்சா, அங்கீகாரம் உள்ள இடத்துல சோதனை பண்ணிட்டு வாங்குங்கன்னு சொல்லுவேன். டிஏ-யைப் பத்திக் கேட்டா ஒரே பதில்தான். எந்த விலைக்கும் வேணாம். டெபாசிட் கட்டி கம்பெனிகிட்ட எடுங்க. அந்த டெபாசிட்டுல நீங்க வாங்குறது, உள்ளே பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தர் அதைப் பார்த்திருக்கார்ங்கிற உறுதி.

இப்ப நிறையப் பட்டறையில அசெட்டிலீனுக்குப் பதிலா எல்பிஜி வச்சுத்தான் கட்டிங் பண்றோம். அது பரவாயில்லை, 19 கிலோ வணிக சிலிண்டர் எடுத்தா. வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைப் பட்டறையில மாட்டுறது சட்டப்படி குத்தம். எல்பிஜி காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையோட தரையா ஓடிப் பள்ளத்துல தேங்கும். மொட்டை மாடி ரூம்ல, கதவைச் சாத்திட்டு ஏ.சி. போட்டு வேலை செய்யற தம்பிக்காக இதைச் சொல்றேன்.

அறுக்கிற விஷயம். இரும்புக்கடையில சிலிண்டர் கிடைக்குது, அறுத்து அடுப்பு பண்ணலாம், பூந்தொட்டி பண்ணலாம், யூடியூப்ல காட்டுறாங்க. எங்க ஊர் இரும்புக்கடை பாய் ஒருத்தர் இருக்கார். முழு சிலிண்டரை எடுத்துக்கிட்டு யார் வந்தாலும் வாசல்லயே நிறுத்துவார். "வெட்டினதுன்னா உள்ள கொண்டா தம்பி, முழுசுன்னா வந்த வழியே போ"ன்னுடுவார். அவர் சட்டம் படிச்சவர் இல்லை. ஆனா சட்டமும் அதைத்தான் சொல்லுது. 2016-ஆம் வருஷ கேஸ் சிலிண்டர் விதிகள் படி, சோதனையில தோத்த சிலிண்டரைத் தட்டையா நசுக்கணும், இல்லை மறுபடி ஒட்டவைக்க முடியாதபடி துண்டு துண்டா வெட்டணும். அதாவது கழிச்சுக் கட்டின சிலிண்டர் ஒழுங்கான வழியில வந்திருந்தா முழு உருவத்துல இரும்புக்கடையில நிக்கவே கூடாது. இன்னொண்ணு, இந்த விதிகள் எல்லாம் 1884-ஆம் வருஷ வெடிபொருள் சட்டத்துக்குக் கீழதான் வருது. வெடிமருந்துக்கும் சிலிண்டருக்கும் ஒரே சட்டம், ஒரே துறை. பெசோன்னு சொல்லுவாங்க, தலைமையகம் நாக்பூர், சென்னையில மண்டல அலுவலகம் இருக்கு.

டிஏ சிலிண்டரை அறுக்கிறது தற்கொலைன்னே வச்சுக்கோங்க. மீட்டர்ல பூஜ்யம் காட்டினாலும் அசிட்டோனுக்குள்ள வாயு இருக்கும். அதுவும் போக, பழைய டிஏ சிலிண்டர் பலதுல அந்த ஸ்பான்ஞ்சுல அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். வெடிக்காம தப்பிச்சாலும் அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும்.

பேர் தெரியாத சிலிண்டர்னா அதைவிட மோசம். 2010 ஜூலையில மும்பைத் துறைமுகத்தோட சேவ்ரி பகுதியில, பல வருஷமாக் கேட்பாரில்லாமக் கிடந்த குளோரின் சிலிண்டர் ஒண்ணு கசிஞ்சு நூறு பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. சிலிண்டருக்கு எக்ஸ்பயரி ஆனா உள்ளே இருக்கிறதும் செத்துப்போகும்னு நினைக்காதீங்க. இரும்பு மெலியும், வால்வு அரிக்கும், வாயு அப்படியே காத்துக்கிட்டு இருக்கும்.

இது உங்க வீட்டுக்கே சம்பந்தப்பட்ட விஷயம்னு ஏன் சொல்றேன்னா, 2021. அந்த ஏப்ரல் 22-லிருந்து, ஒன்பது வகைத் தொழில் தவிர வேற எந்தத் தொழிலுக்கும் ஆக்சிஜன் கிடையாதுன்னு மத்திய அரசு உத்தரவு போட்டுச்சு. எங்களை மாதிரிப் பட்டறை எல்லாம் நின்னுபோச்சு. நிக்கட்டும்னுதான் நினைச்சோம், மூச்சுக்கு முன்னாடி கிரில் கேட்டு பெருசா என்ன? ஆர்கான், நைட்ரஜன் சிலிண்டரையெல்லாம் ஆக்சிஜனுக்கு மாத்தலாம்னு பெசோ வழிமுறை கொடுத்துச்சு. உள்ளே சுத்தம் பண்ணி, வால்வு மாத்தி, கலர் மாத்தி, கணக்கு எழுதித்தான் மாத்தணும். அந்த அவசரத்துல மக்கள் கிடைச்ச விலைக்குக் கிடைச்ச சிலிண்டரை வாங்கினாங்க. எது முறையா மாத்தினது, எது ராத்திரியோட ராத்திரியா பெயின்ட்டு அடிச்சதுன்னு பார்க்கிற நிலைமையில யாரும் இல்லை. அதுல நிறைய இன்னும் அபார்ட்மென்ட் பால்கனியில, கார் ஷெட்டுல, போர்வை போத்தி நிக்குது. தாத்தாவுக்கு வாங்கினது, தாத்தா இல்லை, சிலிண்டர் இருக்கு. இப்ப வீட்டைக் காலி பண்ணும்போது அது விளம்பரத்துக்கு வருது.

அப்படி உங்க வீட்டுல இருந்தா விக்காதீங்க, அறுக்காதீங்க, மாடியிலிருந்து உருட்டாதீங்க. வால்வு மூடியிருக்கா பாருங்க, சங்கிலியோ கயிறோ போட்டு நிமிர்த்திக் கட்டுங்க. தோள்பட்டையில இருக்கிற பேரை எழுதி எடுத்துக்கிட்டு அந்தக் கம்பெனியைத் தேடிப் பேசுங்க, அவங்க பொருள்னா எடுத்துக்குவாங்க. பேரே படிக்க முடியலன்னா கேஸ் நிரப்புற கம்பெனி ஏதாவது ஒண்ணுல கேளுங்க, இல்லைன்னா தீயணைப்பு நிலையத்துல போய் நேர்ல சொல்லுங்க. காரோட டிக்கியில போட்டுக்கிட்டு நீங்களே கிளம்பாதீங்க. மூடின வண்டிக்குள்ள சிலிண்டர் கசிஞ்சா, டிரைவர் சாவியைத் திருப்புற பொறியே போதும்.

அப்ப செகண்ட் ஹேண்ட்ல எதுதான் வாங்கலாம்னு கேப்பீங்க. தள்ளுவண்டி வாங்கலாம். வால்வு திறக்கிற சாவி வாங்கலாம். டார்ச்சு நல்ல கம்பெனியோடதா இருந்தா வாங்கி, நாசில் புதுசு போட்டு, சர்வீஸ் பண்ணிக்கலாம். ஹோஸ் புதுசு. ரெகுலேட்டர் புதுசு. அரெஸ்டர் புதுசு, ரெண்டு பக்கமும். ரப்பர் ஹோஸைக் கொஞ்சம் மடக்கிப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா அது தோட்டத்துக்குத் தண்ணி விடத்தான். கசிவு பார்க்க சோப்பு நுரைதான், தீக்குச்சி கிடையாது. இதைச் சொல்லணுமான்னு நினைக்காதீங்க, சொல்ல வேண்டியிருக்கு. அசெட்டிலீன் வழியில செம்புக் குழாய் எங்கயும் போடாதீங்க. செம்போட சேர்ந்து அது ஒரு உப்பு மாதிரி படியும், அது தட்டினாலே வெடிக்கும். ஏ.சி. மெக்கானிக்குகிட்ட மிச்சமிருந்த குழாய்னு யாராவது மாட்டிக் கொடுத்தா பிடுங்கி எறியுங்க.

கடைசியா ஒண்ணு, வேலை நடக்கும்போது. டார்ச்சுல படபடன்னு சத்தம் வந்து தீ உள்ளே இழுத்துக்கிட்டா உடனே ரெண்டு வால்வையும் மூடுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு டிஏ சிலிண்டர் உடம்புல புறங்கையை வச்சுப் பாருங்க. குளிர்ச்சியா இருந்தா சரி. எங்கயாவது வெதுவெதுன்னு இருந்தா உள்ளே சிதைவு ஆரம்பிச்சிருக்கு. அதைத் தூக்கி வெளியில வைக்கிற வீரம் வேணாம், அசைக்கவே கூடாது. எல்லாரையும் வெளியேத்துங்க, 101-க்குப் போடுங்க. சுவருக்குப் பின்னாடி நின்னு தண்ணி அடிக்க முடிஞ்சா அடிங்க, இல்லைன்னா விட்டுடுங்க. தணிஞ்ச மாதிரி இருந்தாலும் கிட்டப் போகாதீங்க, மறுபடி சூடேறும். வண்டி வந்ததும் முதல்ல சொல்ல வேண்டியது "உள்ள அசெட்டிலீன் இருக்கு". அப்புறம் எத்தனை சிலிண்டர், எந்த மூலை, நிமிர்ந்திருக்கா படுத்திருக்கா.